பெண் திமிங்கிலத்தின் வயதுக் கணக்கு: கைத்தொழில் வளர்த்த ஓர் அறிவின் வரலாறு

1

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு வினா ஏன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் எழுந்தது, அதற்கு விடை காணும் செலவை யார் ஏற்றனர், கிடைத்த விடையை யார் பயன்படுத்தினர், யார் புறக்கணித்தனர் என்பன அத்தகைய வரலாறுகளிற் போதிய இடம் பெறுவதில்லை. இவ்வினாக்களை எழுப்புவதற்கு வாய்ப்பானதோர் உதாரணம் பெண் திமிங்கிலங்களின் வயதையும் இனப்பெருக்கத்தையும் பற்றிய ஆய்வாகும்.

இங்கு நாம் கருத்திற் கொள்வன பலீன் திமிங்கிலங்களாகும். இவற்றுக்குப் பற்கள் இல்லை. மேற்றாடையிலிருந்து தொங்கும் கொம்புப்பொருளாலான தகடுகள் சல்லடை போல அமைந்து, கடல்நீரிலிருந்து சிறு உயிரினங்களை வடித்தெடுக்க உதவுகின்றன. இத்தகடுகளே பலீன் எனப்படும். நீலத் திமிங்கிலம், செட்டைத் திமிங்கிலம், கூனல் திமிங்கிலம் ஆகியன இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவற்றிலே பெண் ஆணிலும் பருத்தது என்பதை முதலிலேயே மனங்கொள்ளுதல் வேண்டும். பெரிய விலங்கையே தேடிச் சுடும் வேட்டையிலே முதிர்ந்த பெண்கள் முன்னுக்கு நின்றமைக்கு இதுவே காரணமாகும்.

ஒரு திமிங்கில இனம் எவ்வளவு வேட்டையைத் தாங்கும் என்பதை மூன்று வினாக்களுக்கான விடைகள் தீர்மானிக்கின்றன. பெண் எந்த வயதில் முதன்முறை கருவுறுகின்றது? எத்தனை ஆண்டுகளுக்கு ஒரு கன்றை ஈனுகின்றது? எத்தனை ஆண்டுகள் வாழ்கின்றது? இவ்விடைகள் ஒவ்வொன்றாகப் பெறப்பட்ட முறையையும், அவை பெறப்பட்ட பின்னரும் வேட்டை ஏன் நிற்கவில்லை என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீலத் திமிங்கிலமும் செட்டைத் திமிங்கிலமும் வேட்டைக்காரரின் கைக்கு எட்டாதவையாகவே இருந்தன. அவை விரைவாக நீந்துபவை. இறந்ததும் நீரில் அமிழ்ந்துவிடுபவை. நோர்வே நாட்டவரான ஸ்வென்ட் பொய்ன் 1870ஆம் ஆண்டளவில் நிறைவுபடுத்திய வெடிமுனை ஈட்டித் துப்பாக்கியும் நீராவிப் படகும் இத்தடையை நீக்கின. திரவ எண்ணெயைத் திண்மக் கொழுப்பாக மாற்றும் இரசாயன முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கைத்தொழிலுக்கு வந்தபோது, திமிங்கில எண்ணெய் விளக்கெரிக்கும் பொருள் என்ற நிலையிலிருந்து சவர்க்காரத்துக்கும் மாஜரீனுக்கும் உரிய மூலப்பொருளாயிற்று. ஐரோப்பிய நகரங்களின் தொழிலாளர் குடும்பங்கள் வெண்ணெய்க்குப் பதிலாக உண்ட மலிவான கொழுப்பிற் கணிசமான பங்கு இவ்வாறு தென்முனைக் கடலிலிருந்து பெறப்பட்டதாகும்.

1904இல் சி. ஏ. லார்சன் தென் யோர்ஜியாத் தீவின் கிரித்விக்கன் என்னுமிடத்திலே முதலாவது அந்தாட்டிக்க வேட்டை நிலையத்தை அமைத்தார். அத்தீவு பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்டது. வேட்டைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கியும் எண்ணெய்க்கு வரி விதித்தும் குடியேற்ற அரசு வருமானம் பெற்றது. வடகடலிலே திமிங்கிலங்கள் அருகிப்போன அனுபவம் கண்முன் இருந்தமையால், இவ்வருமானம் எவ்வளவு காலத்துக்கு நிலைக்கும் என்ற கேள்வி எழுந்தது. திமிங்கிலத்தின் வயதை அறியவேண்டும் என்ற தேவை இவ்வாறு வரவுசெலவுக் கணக்கிலிருந்தே பிறந்தது எனலாம்.

இத்தேவையின் விளைவாகத் தோன்றியதே டிஸ்கவரி ஆய்வுத் திட்டமாகும். திமிங்கில எண்ணெய் வரியிலிருந்து பெறப்பட்ட பணமே அதனை நடத்தியது. 1925இல் கிரித்விக்கனுக்கு அண்மையில் ஒரு கடலியல் ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டது. என். ஏ. மக்கின்ரோஷ், ஜே. எவ். ஜி. வீலர் ஆகிய இளம் உயிரியலாளர்கள் அங்கும் தென்னாபிரிக்காவின் சல்டானா குடாவிலும் வேட்டை நிலையங்களின் உரிப்புத் தளங்களிலே நின்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட திமிங்கிலங்களைப் பரிசோதித்தனர். தொழிலாளர் கொழுப்பை உரித்து முடிப்பதற்கும் உடலைத் துண்டுபோடுவதற்கும் இடையே கிடைத்த சொற்ப நேரத்திலே, குளிரிலும் இரத்தத்திலும் நின்றபடி, நீளத்தை அளந்து சூலகத்தையும் கருப்பையையும் வெட்டியெடுத்தனர். அவர்களின் அறிக்கை 1929இல் வெளிவந்தது.

3

அவ்வறிக்கையின் முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்வதற்குச் சூலகத்தின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். முலையூட்டியின் சூலகத்திலிருந்து சூல் வெளிப்பட்டதும், அது இருந்த இடத்தில் மஞ்சட் சடலம் எனப்படும் சுரப்பி தோன்றுகின்றது. கரு தங்குமாயின் அது கருப்பகாலம் முழுவதும் நிலைத்திருக்கும். இல்லையேல் விரைவிற் சுருங்கிவிடும். இரு நிலைமைகளிலும் இறுதியில் எஞ்சுவது வெண்சடலம் என்னும் சிறிய நார்த் தழும்பாகும். பெரும்பாலான முலையூட்டிகளிலே இத்தழும்பு காலப்போக்கில் மறைந்துவிடும். திமிங்கிலத்திலோ அது வாழ்நாள் முழுவதும் மறைவதில்லை. ஆகவே ஒரு பெண் திமிங்கிலத்தின் இரு சூலகங்களிலும் உள்ள தழும்புகளை எண்ணினால், அது வாழ்நாளில் எத்தனை முறை சூல்கொண்டது என்பதை அறியலாம். ஆணின் உடலில் இதற்கு நிகரான பதிவேடு இல்லை. அக்காலத்தில் திமிங்கிலத்தின் வயதுக் கணக்கு பெண்ணின் கணக்காகவே தொடங்கியமைக்குக் காரணம் இதுவேயாகும்.

எனினும் இப்பதிவேட்டுக்கு இரு குறைபாடுகள் இருந்தன. ஒன்று, கருவுற்ற சூல்கொள்ளலையும் கருவுறாததையும் தழும்பைக் கொண்டு எளிதில் வேறுபடுத்த இயலாது. மற்றொன்று, தழும்புகள் முதிர்ச்சிக்குப் பின்னரே தோன்றத் தொடங்குகின்றன. அதற்கு முன்னர் கழிந்த ஆண்டுகளை அவை காட்டா. சுருங்கக்கூறின், எந்தத் திமிங்கிலம் மூத்தது, எது இளையது என்பதைச் சூலகம் கூறிற்று. எத்தனை வயது என்பதைக் கூறவில்லை.

ஆயினும் மக்கின்ரோஷும் வீலரும் ஒன்றை ஐயத்துக்கிடமின்றி நிறுவினர். சூலகத்தில் முதற்றழும்பு தோன்றும் நிலையைக் கொண்டு, பெண் நீலத் திமிங்கிலம் சராசரியாக 23.7 மீற்றர் நீளத்திலும், பெண் செட்டைத் திமிங்கிலம் 20 மீற்றர் நீளத்திலும் இனப்பெருக்க முதிர்ச்சி அடைகின்றன என அவர்கள் காட்டினர். இவ்விரு எண்களையும் வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

ஆய்வு நிலையம் திறக்கப்பட்ட அதே 1925ஆம் ஆண்டிலே லான்சிங் என்னும் நோர்வேக் கப்பல் தென்கடலுக்குப் புறப்பட்டது. முழுத் திமிங்கிலத்தையும் மேற்றளத்துக்கு இழுத்தெடுக்கும் சாய்தளம் அதன் பின்புறத்தில் அமைந்திருந்தது. இக்கப்பலுக்குக் கரையோர நிலையம் வேண்டியதில்லை; ஆகவே அனுமதிப்பத்திரமோ வரியோ அதனைக் கட்டுப்படுத்தவில்லை. கட்டுப்பாட்டுக்கு வேண்டிய அறிவு தோன்றிய அதே வேளையிலேயே, கட்டுப்பாட்டைத் தாண்டிச் செல்லும் உற்பத்திக் கருவியும் தோன்றிவிட்டது. 1930-31ஆம் ஆண்டுப் பருவத்திலே மாத்திரம் அந்தாட்டிக்கக் கடலில் 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன.

4

இனிச் சட்டத்தின் பக்கம் நோக்குவோம். 1931இல் உருவான ஜெனீவா உடன்படிக்கை கன்றுகளையும், கன்றுடன் கூடிய தாய்களையும் கொல்வதைத் தடைசெய்தது. தோற்றத்தில் இது தாய்மையைப் பாதுகாக்கும் ஏற்பாடு. ஆனால் இவ்விலங்குகளின் வாழ்க்கை வட்டத்தை அறிந்தோர்க்கு அதன் போதாமை விளங்கும். குளிர்காலத்தில் வெப்பக் கடலிற் கருவுறும் செட்டைத் திமிங்கிலம் அடுத்த கோடையிலே தென்முனைக்குச் சென்று இரை தின்கின்றது. ஏறத்தாழ பதினொரு மாதங்களின் பின் மீண்டும் வெப்பக் கடலிலே கன்றை ஈன்று, ஆறேழு மாதங்கள் பாலூட்டுகின்றது. ஆக, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கன்று என்பதே சாதகமான நிலையிற் பெறக்கூடிய வீதமாகும். வேட்டை நடைபெற்றதோ தென்முனைக் கோடையில். அப்பொழுது கருவைச் சுமந்து திரியும் பெண்ணைப் படகிலிருந்து பார்த்து அடையாளங்காண இயலாது. பாலூட்டும் தாயைச் சட்டம் காத்தது. கருவுற்ற தாயைக் காக்கவில்லை.

கருப்பகாலத்தின் நீளத்தை விஞ்ஞானிகள் அறிந்த முறையும் இங்கு கருதத்தக்கது. கொல்லப்பட்ட தாய்களின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட கருக்களின் நீளங்கள் திகதிவாரியாகப் பதியப்பட்டு, அவை ஒரு வளர்ச்சிக் கோடாக வரையப்பட்டன. றிச்சாட் லோஸ் பிற்காலத்தில் வெளியிட்ட விரிவான ஆய்வுகளும் இத்தகைய பதிவுகளையே ஆதாரமாகக் கொண்டன. அக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தாயின் இறப்பும் ஒரு கன்றின் இறப்புமாகும்.

1937இல் இலண்டனிற் கைச்சாத்தான உடன்படிக்கை குறைந்தபட்ச நீளங்களை விதித்தது: நீலத் திமிங்கிலத்துக்கு 70 அடி, செட்டைத் திமிங்கிலத்துக்கு 55 அடி. மீற்றரிற் கூறினால் இவை முறையே ஏறத்தாழ 21.3, 16.8 ஆகும். மேலே குறிப்பிட்ட 23.7, 20 என்னும் எண்களுடன் இவற்றை ஒப்பிட்டு நோக்குக. பெண் விலங்கு ஒருமுறையேனும் ஈனுவதற்கு முன்னரே அதனைக் கொல்வதற்குச் சட்டம் அனுமதி வழங்கியது. அதற்கு எதிரான தரவு எட்டு ஆண்டுகளாக அச்சில் இருந்தது. திமிங்கிலங்கள் அழிந்தமைக்கு அறியாமையே காரணம் என்று இன்றும் சிலர் கூறுவர். இவ்வெண்கள் அக்கூற்றை மறுக்கப் போதுமானவை.

5

இரண்டாம் உலகப் போரின் பின் 1946இல் வாஷிங்டனில் உருவான உடன்படிக்கை சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. அவ்வாணைக்குழு பின்பற்றிய அளவை நீலத் திமிங்கில அலகு எனப்பட்டது. ஒரு நீலத் திமிங்கிலம் இரண்டு செட்டைத் திமிங்கிலங்களுக்கு அல்லது இரண்டரைக் கூனல் திமிங்கிலங்களுக்குச் சமம் எனக் கொள்ளப்பட்டது. இவ்வளவை எண்ணெயின் அளவையே குறித்தது. இனம், பால், வயது ஆகிய எதுவும் அதில் இடம்பெறவில்லை. உயிரியல் பெண்ணின் வயதைத் தேடிக்கொண்டிருந்த காலத்திலே, நிருவாகம் பீப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்தது.

அத்தேடலிலே இரு புதிய வழிகள் திறந்தன. நோர்வே விஞ்ஞானி ஜே. ரி. றூட் 1940களிலே பலீன் தகட்டின் மேற்பரப்பில் ஆண்டுதோறும் தோன்றும் மேடுபள்ளங்களைக் கொண்டு வயதைக் கணித்தார். ஆனால் தகட்டின் நுனி தேய்ந்துகொண்டே இருப்பதால், இம்முறை இளம் விலங்குகளுக்கே பயன்பட்டது. 1955இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த பி. ஈ. பேர்வ்ஸ் மற்றொரு பதிவேட்டைக் கண்டறிந்தார். பலீன் திமிங்கிலத்தின் செவிக்குழாய் வெளிப்புறத்தே மூடியிருப்பதால், உதிரும் தோற்கலங்களும் மெழுகும் வெளியேற வழியின்றி உள்ளே படிந்து நீண்டதோர் அடைப்பாகின்றன. அதனை நெடுக்காக வெட்டினால், மரத்தின் வளையங்கள் போல வெளிர் படையும் கரும் படையும் மாறிமாறித் தோன்றும். இச்செவியடைப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது, பிறப்பிலிருந்து தொடங்குவது.

ஆனால் வெளிர் படையும் கரும் படையும் சேர்ந்த ஒரு சோடி குறிப்பது ஓர் ஆண்டையா, அரையாண்டையா? ஆண்டுக்கு இரு சோடிகள் என்ற கருத்தே முதலில் மேலோங்கியது. அதன்படி செட்டைத் திமிங்கிலம் ஐந்து வயதளவில் முதிர்ச்சியடைவதாகக் கொள்ளப்பட்டது. ஆண்டுக்கு ஒன்றெனில், அதே விலங்கின் வயது இரு மடங்காகும். முதிர்ச்சியும் பத்து வயதளவுக்குத் தள்ளிப்போகும். மெழுகுப் படைகள் பற்றிய நுணுக்க விவாதமாகத் தோன்றும் இது, இனம் மீண்டும் பெருகும் வேகத்தையே தீர்மானிக்கும் விவாதமாகும். விரைவில் முதிரும் இனம் கூடிய வேட்டையைத் தாங்கும். தாமதித்து முதிரும் இனம் தாங்காது.

இவ்விவாதத்தைத் தீர்ப்பதற்கு இருவகைச் சான்றுகள் உதவின. 1930களிலிருந்து டிஸ்கவரித் திட்டத்தினர் உயிருள்ள திமிங்கிலங்களின் உடலிலே இலக்கமிட்ட உலோகக் குறிகளைச் சுட்டுப் பதித்திருந்தனர். பல ஆண்டுகளின் பின் அவை வேட்டைக் கப்பல்களில் மீட்கப்பட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளைப் படைகளின் எண்ணிக்கையுடன் ஒப்பிட முடிந்தது. யப்பானிய விஞ்ஞானி ஒசுமி இவ்வழியிலே ஆராய்ந்தார். 1967இல் எச். எஸ். ஜே. றோ ஆண்டின் வெவ்வேறு மாதங்களிற் பெறப்பட்ட அடைப்புகளை ஆராய்ந்து, ஆண்டுக்கு ஒரு சோடியே தோன்றுகின்றது என நிறுவினார். முதலாவது வினாவுக்கான நம்பத்தகுந்த விடை இவ்வாறு கிடைத்தது. அவ்வேளையில் தென்கடலின் நீலத் திமிங்கிலங்களும் கூனல் திமிங்கிலங்களும் வேட்டைக்குப் பயன்படாத அளவுக்கு அருகிப்போய், அதன் பின்னரே பாதுகாப்புப் பெற்றிருந்தன.

6

1960இல் ஆணைக்குழு குடித்தொகைக் கணிதத்தில் வல்ல மூவரைக் கொண்ட குழுவொன்றை நியமித்தது. டக்ளஸ் சப்மன், கே. ஆர். அலன், சிட்னி ஹோல்ற் ஆகியோர் 1963இல் வழங்கிய அறிக்கை, வேட்டையைப் பெருமளவிற் குறைக்காவிடின் தொழிலே அழியும் எனத் தெளிவாகக் கூறியது. ஆணைக்குழு உடனடியாக அதற்கிணங்கவில்லை. கப்பற் கூட்டங்களோ அப்பருவங்களில் தமக்கு ஒதுக்கப்பட்ட தொகையைக்கூடப் பிடிக்க முடியாத நிலையை அடைந்திருந்தன.

தனது மூலவளத்தையே ஒரு தொழில் அழிப்பது பேராசையின் மடமையா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் கொலின் கிளார்க் 1973இல் இதற்கு அளித்த விளக்கம் சிந்தனைக்குரியது. தாமதித்து முதிர்ந்து, ஈராண்டுக்கு ஒருமுறை ஒரே கன்றை ஈனும் விலங்கின் இயற்கைப் பெருக்கம் ஆண்டுக்குச் சில வீதமே. முதலீட்டுக்குக் கிடைக்கும் வட்டி வீதம் அதனிலும் அதிகமாயின், திமிங்கிலங்களைக் கடலில் விட்டுவைப்பதிலும் பார்க்க, அனைத்தையும் கொன்று பணமாக்கி வேறிடத்தில் முதலிடுவதே இலாபம் தரும். தனியுடைமை இல்லாத பொதுக்கடல் என்பதால் மட்டுமே அழிவு நேர்ந்தது என்ற வாதம் இதனால் வலுவிழக்கின்றது. ஒரே முதலாளியிடம் கடல் முழுவதும் இருந்திருப்பினும் கணக்கு அவ்வாறே அமைந்திருக்கலாம். பெண் திமிங்கிலத்தின் உடல் தன் காலத்துக்கேற்பவே ஈனுகின்றது. மூலதனத்தின் காலம் அதனிலும் விரைவானது.

ஆயின் இப்பழியை முதலாளித்துவ நாடுகளின் மேல் மாத்திரம் சுமத்துவது நேர்மையாகாது. இலாபத்தை நோக்காகக் கொள்ளாததெனக் கூறப்பட்ட பொருளாதாரமும் இதே அழிவைச் செய்தது. சோவியத்துக் கப்பற் கூட்டங்கள் 1948 தொடக்கம் 1970களின் தொடக்கம் வரை தமது பிடியைப் பொய்யாகப் பதிந்தன என்பதை 1990களிலே அலெக்சேய் யாப்லக்கோவும் அவருடன் சேர்ந்த உயிரியலாளரும் வெளிப்படுத்தினர். உலகெங்கும் மறைக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 1,80,000 எனப் பின்னர் கணிக்கப்பட்டது. தென் அரைக்கோளத்தில் 48,000க்கு மேற்பட்ட கூனல் திமிங்கிலங்களைக் கொன்று, மூவாயிரத்துக்கும் குறைவாகவே அறிவித்திருந்தனர். ஆண்டுத் திட்டத்தின் இலக்கைத் தாண்டினால் மேலதிக ஊதியம் என்ற ஏற்பாடு அங்கு வட்டி வீதத்தின் இடத்தை வகித்தது. இப்பொய்ப் பதிவுகள் உலகின் பொதுவான உயிரியல் தரவுகளையும் மாசுபடுத்தின. எனினும் உண்மையான குறிப்புகளைத் தம் வீடுகளிலே மறைத்துவைத்துக் காப்பாற்றியவர்களும் அதே விஞ்ஞானிகளே என்பதை மறத்தலாகாது.

அக்குறிப்புகளிலே எமது கடலுக்குரிய செய்தியும் உண்டு. 1963க்கும் 1966க்கும் இடையில் இந்து சமுத்திரத்தின் வடமேற்குப் பகுதியிலே 1,200க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களும், 1966 நவம்பரில் அரபிக்கடலிலே 240க்கு மேற்பட்ட கூனல் திமிங்கிலங்களும் கொல்லப்பட்டன. உக்கிரேனிய உயிரியலாளர் யூரி மிக்காலெவ் அக்கூனல் திமிங்கிலங்களின் கருக்களின் நீளங்களை ஆராய்ந்து, அவற்றின் இனப்பெருக்கக் காலம் தென்கடல் இனத்திலிருந்து அரையாண்டு வேறுபடுகின்றது என 1997இல் வெளியிட்டார். தென்முனைக்குச் செல்லாது அரபிக்கடலிலேயே தங்கி வாழும் தனிக்கூட்டம் ஒன்று உண்டு என்பது இவ்வாறு புலனாயிற்று. ஓமான் கரையோரத்தில் அதன் தொகை இன்று நூறுக்கும் குறைவென மதிப்பிடப்பட்டுள்ளது. அக்கூட்டம் தனியானது என்பதற்கான சான்றையும், அது நலிந்தமைக்கான காரணத்தையும் ஒரே வேட்டையே தந்தது.

7

1972இல் நீலத் திமிங்கில அலகு கைவிடப்பட்டது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1982இல் வர்த்தக வேட்டையை இடைநிறுத்தும் தீர்மானம் நிறைவேறி, 1985-86ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. யப்பான் 1987 முதல் வயதையும் இயற்கை இறப்பையும் கணிக்கும் ஆய்வு என்ற பெயரிலே அந்தாட்டிக்க வேட்டையைத் தொடர்ந்தது. 2014இல் சர்வதேச நீதிமன்றம், அப்பொழுது நடைபெற்றுவந்த திட்டத்தின் அனுமதிகள் விஞ்ஞான ஆய்வுக்கென வழங்கப்பட்டவை அல்ல எனத் தீர்ப்பளித்தது. யப்பான் 2019இல் ஆணைக்குழுவிலிருந்து விலகியது.

கொல்லாமல் அறிய முடியாது என்ற வாதத்தை ஆய்வின் வளர்ச்சியே பலவீனப்படுத்திவிட்டது. 1970களிலிருந்து ஆர்ஜென்ரீனாக் கரையிலும் வட அத்திலாந்திக்கிலும், தலையிலுள்ள தடிப்புகளின் அமைப்பைப் புகைப்படத்திற் கொண்டு ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே அடையாளங் காணப்பட்டு, அது கன்றுடன் தோன்றும் ஆண்டுகள் பதியப்பட்டு வருகின்றன. கரையொதுங்கிய திமிங்கிலங்களினதும் சேமிப்பிலுள்ள பழைய விலங்குகளினதும் பலீன் தகடுகளிலே புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோனின் அளவை ஆராய்ந்து, கடந்துபோன கருப்பகாலங்களைக் கணக்கிடும் முறையும் அண்மைக்காலத்தில் உருவாகியுள்ளது.

வயதெல்லை பற்றிய வினாவுக்கு விடை வட அலாஸ்காவிலிருந்து வந்தது. வில்தலைத் திமிங்கிலம் இரு மனித ஆயுட்காலம் வாழும் என்பது அங்குள்ள இனுப்பியாக் வேட்டை மக்களின் நெடுநாளைய அறிவு. அவர்கள் தம் உணவுக்காகப் பிடித்த விலங்குகளின் கண்வில்லையில் அஸ்பார்ட்டிக் அமிலம் காலத்தோடு அடையும் மாற்றத்தை அளந்து, சில விலங்குகள் நூறாண்டைக் கடந்தவை என்றும், ஒன்று இருநூறாண்டைத் தாண்டியிருக்கலாம் என்றும் 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வினத்தின் பெண் இருபத்தைந்து வயதளவிலேயே முதிர்ச்சியடைகின்றது. இதனை மக்கள் முன்னரே கூறியிருந்தனர்; கேட்பதற்கு விஞ்ஞானம் காலம் எடுத்தது.

8

வேட்டைக் காலத்திற் சேகரிக்கப்பட்ட செவியடைப்புகள் பல இன்றும் நூதனசாலைகளில் உள்ளன. எவ்வளவு கொல்லலாம் எனக் கணிப்பதற்காக எடுக்கப்பட்டவை அவை. அத்தகைய அடைப்புகளின் படைகளிலே உளைச்சலைக் காட்டும் கோட்டிசோல் ஓமோனின் அளவை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாற்றை மீட்டுத் தந்தது. வேட்டை உச்சமடைந்த 1960களில் அவ்வோமோனும் உச்சமடைந்திருந்தது. வேட்டை குறைந்திருந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அது உயர்ந்தே இருந்தது; கடற்போரின் ஆரவாரம் அதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிவு யாது? விஞ்ஞான அறிவு தன்னளவில் எதனையும் பாதுகாப்பதில்லை. 1929இல் வெளிவந்த இரு எண்கள் 1937ஆம் ஆண்டின் சட்டத்தை மாற்ற இயலவில்லை. ஏனெனில் சட்டத்தை இயற்றியோரும் இலாபத்தை எதிர்பார்த்தோரும் ஒரே மேசையில் இருந்தனர். அறிவைச் செயலாக மாற்றியது, வேட்டையில் இலாபமற்றுப்போன நாடுகளின் எண்ணிக்கையும் உலகெங்கும் எழுந்த மக்கள் எதிர்ப்புமே.

இதனை நாம் பிறநாட்டுப் பழங்கதையாகக் கொள்ளுதல் ஆகாது. திருகோணமலைக்கு அப்பாலும் மிரிச கரைக்கு அப்பாலும் இன்று நீலத் திமிங்கிலங்களைக் காணலாம். தெவிநுவர முனையைச் சுற்றிச் செல்லும் பெருங்கப்பற் பாதை அவை இரை தேடும் நீர்ப்பரப்பின் ஊடாகவே செல்கின்றது. கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்கள் எமது கரைகளில் ஒதுங்கியுள்ளன. பாதையைத் தெற்கே நகர்த்தினால் பயண நேரமும் எரிபொருளும் சிறிது கூடும். முதிர்ந்த பெண் ஒன்று இறந்தால், அதன் இடத்தை நிரப்ப ஒரு பெண்கன்று பிறந்து முதிர்வதற்குப் பத்தாண்டளவு வேண்டும். இவ்விரு கணக்குகளும் இப்பொழுது எம் முன் உள்ளன. 1937இல் இலண்டனில் கூடியோர் முன்னும் இரு கணக்குகள் இருந்தன.